பட்டறையில் வைத்த வெங்காயம்

என் கைப்பேசியில் இரண்டு படங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஒன்று, 2022 சித்திரையில் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர் அனுப்பிய மண்டிச் சிட்டை. மஞ்சள் தாள், கார்பன் எழுத்து, ஓரத்தில் டீக்கறை. 31 மூட்டை சின்ன வெங்காயம், மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு போக 1,519 கிலோ, கிலோ 14 ரூபாய், ஆக 21,266. அதில் கமிஷன் 2,127, இறக்குகூலி 310, வண்டி வாடகை 1,240. கையில் கொடுத்தது 17,589 ரூபாய். இன்னொரு படம், அதே வாரம் சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நானே தட்டச்சு செய்து கடைக்காரர்களுக்கு அனுப்பிய விலைப்பட்டியல். சின்ன வெங்காயம், இந்தியா, முதல் தரம், கிலோ 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 20 காசு. அன்றைய கணக்கில் நூற்றிருபது ரூபாய்க்கு மேல்.

இதைப் படித்ததும் நடுவில் யாரோ கொள்ளையடித்துவிட்டார்கள் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நடுவில் இருக்கிற ஒவ்வொரு செலவும் எனக்குத் தெரியும், அதுதான் என் பிழைப்பே. தரம் பிரிக்கிற கூலி, சாக்கு, குளிர் கன்டெய்னர், கப்பல் வாடகை, தாவர நலச் சான்றிதழ், இங்கே இறக்குவது, கிடங்கு வாடகை, வழியில் அழுகிப்போகிற பங்கு. எல்லாம் உண்மையான செலவுதான். நான் கவனித்தது வேறு. இந்தச் செலவுகளில் ஒவ்வொன்றும் ஒன்று நிலையான தொகை, இல்லையென்றால் சதவீதம். வண்டிக்காரர் வெங்காயம் 14 ரூபாய்க்குப் போனாலும் 140 ரூபாய்க்குப் போனாலும் மூட்டைக்கு 40 ரூபாய் வாங்குவார். மண்டிக்காரருக்குப் பத்து சதவீதம் எப்போதும் உண்டு. கப்பலுக்கு வாடகை கட்டாமல் சரக்கு ஏறாது. எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மீதி என்ன இருக்கிறதோ, அதுதான் விளைவித்தவருக்கு. விலை ஏறி இறங்குகிற ஆட்டம் முழுவதும் அந்த மீதியில்தான் நடக்கிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, உள்நாட்டிலேயே வாங்குகிறவர் வெங்காயத்துக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 36 காசு என்று கணக்கிட்டது. தக்காளிக்கு 33. கடல் தாண்டி வருவதற்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த 36 சின்ன எண் என்பதைவிட, அது நாளைக்கு 20 ஆகுமா 50 ஆகுமா என்று நடுகிற நாளில் அவருக்குத் தெரியாது என்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சிங்கப்பூருக்கு வந்து பதினான்கு வருடம். காய்கறி இறக்குமதி செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் கொள்முதல் வேலை. விடிகாலை மூன்று மணிக்குப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் லோடு பிரிக்கும்போது நான் அங்கே இருக்கவேண்டும். வெங்காய மூட்டை வந்தால் முதலில் செய்வது எடை பார்ப்பதில்லை. சாக்கின் தையலைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு நடுவில் ஒரு பிடி அள்ளுவேன். உள்ளே கதகதப்பாக இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. நல்ல வெங்காயம் கையில் சரசரக்கும். தோல் தாள் மாதிரி உதிரும். கழுத்து இறுகி இருக்கும். கழுத்து மெத்தென்று இருந்தால் ஈரத்தோடு பிடுங்கியது, மழையில் அவசரமாக எடுத்தது. அந்த ஒரு பிடியில் ஊரில் என்ன நடந்தது என்று பாதி தெரிந்துவிடும். ஐப்பசியில் வருகிற சரக்கில் அந்த மெத்தென்ற கழுத்தைத் தொடும்போதெல்லாம், யாரோ ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் நாலு நாள் விடலாமா, இப்போதே பிடுங்கலாமா என்று தவித்தது என் விரலில் படுகிறது. அப்புறம் நான் 'தரம் குறைவு' என்று எழுதிக் கழிவு போடுகிறேன். அதுவும் என் வேலைதான்.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, மூன்று ஏக்கர், ஒரு கிணறு, அதற்குள் ஒரு போர்வெல். பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், இந்த மூன்றும்தான் பேர் போனவை. மக்காச்சோளம் போட்டால் பெரிய லாபமும் இல்லை, பெரிய பயமும் இல்லை. வெங்காயம் அப்படியில்லை. அது வெங்காயத்தையே நட்டு வெங்காயம் எடுக்கிற பயிர். ஏக்கருக்கு அறுநூறு கிலோ விதை வெங்காயம் வேண்டும். எழுபது நாளில் கைக்கு வந்துவிடும், நன்றாக வந்தால் ஏக்கருக்கு ஐந்து டன். திருகல் நோய் விழுந்தால் தாள் எல்லாம் முறுக்கிக்கொண்டு சாய்ந்துவிடும், காய் கட்டாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விதையும் வெங்காயம், விளைச்சலும் வெங்காயம் என்பதால், சந்தையில் விலை ஏறும்போது விதை விலையும் கூடவே ஏறுகிறது. ஆக, எல்லாரும் ஆசையோடு நடும் நாளில் செலவு உச்சத்தில் இருக்கும். எல்லாரும் நட்டதால், எழுபது நாள் கழித்து எல்லாருடைய சரக்கும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வரும். விலை விழும். அடுத்த பட்டத்தில், அதாவது அடுத்த நடவுப் பருவத்தில், யாரும் நடமாட்டார்கள். மறுபடி விலை ஏறும். நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளாதார அறிஞர் 1934-இல் இதற்குச் சிலந்தி வலை என்று பெயர் வைத்தார், விலையையும் அளவையும் கோடு போட்டுப் பார்த்தால் வலை பின்னுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வரும் என்பதால். மாமா அந்தப் பெயரைக் கேட்டதில்லை. "போன தடவ விலைய பாத்து இந்தத் தடவ நட்டா நாசம்தான் மாப்ள. ஆனா வேற எத பாத்து நடுறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 2022-இல் அந்த மஞ்சள் சிட்டை வந்தது இதனால்தான். அந்த வருடம் தடை எதுவும் இல்லை, மழையும் கெடுக்கவில்லை, விளைச்சலும் அமோகம். அமோகம்தான் பிரச்சினையே.

அடுத்த பட்டங்களில் வெங்காயத்தை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்குப் போனார். நிறையப் பேர் போனார்கள். 2023 ஜூலையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் எல்லாருக்கும் எட்டாத விலைக்குப் போயின. ஆடியில் மாமா மறுபடி வெங்காயம் போட்டார், இரண்டு ஏக்கர், விதை கிலோ 90 ரூபாய்க்கு வாங்கி. அக்காவின் நகை ஒன்று கூட்டுறவு வங்கிக்குப் போனது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

2023 ஆகஸ்ட் 19 சனிக்கிழமை. சாயங்காலம் பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விட்டுவிட்டு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். திருச்சியில் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற ஏற்றுமதியாளர் கூப்பிட்டார். வெங்காய ஏற்றுமதிக்கு இந்தியா 40 சதவீத வரி போட்டுவிட்டது, உடனே அமல். அடுத்த வாரம் ஏறவேண்டிய லோடுக்குப் பேசிய விலை நேற்று வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் செல்லும் என்றார். அக்டோபர் 28, அதுவும் சனிக்கிழமைதான், டன்னுக்கு 800 டாலருக்குக் குறைவாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்று வந்தது. டிசம்பர் 8-ஆம் தேதி முழுத் தடை, மார்ச் 31 வரை என்று சொன்னார்கள். மார்ச் முடிய ஒரு வாரம் இருக்கும்போது காலவரையறை இல்லாமல் நீட்டினார்கள். 2024 மே 4-இல் எடுத்தார்கள், 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் வைத்து. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை போய் வரி 20 ஆனது. 2025 ஏப்ரல் 1-இல் அதுவும் போனது. இதற்கு முன்பே 2019 செப்டம்பரில் ஒரு தடை, 2020 செப்டம்பரில் ஒரு தடை. ஏழு வருடத்தில் மூன்று முறை பூட்டித் திறந்த கதவு இது.

ஏன் பூட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வெங்காய விலை ஏறினால் ஏழை வீட்டுச் சமையல் பாதிக்கும், ஆட்சியும் ஆடும். 1998-இல் டெல்லி சட்டமன்றத் தேர்தல் தோல்விக்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். வாங்குகிறவரைக் காப்பாற்றுவது அரசின் கடமைதான். ஆனால் டெல்லியில் யாரும் பெரம்பலூர் சின்ன வெங்காயத்தை வைத்துச் சமைப்பதில்லை. அவர்களுக்கு நாசிக் பக்கத்துப் பெரிய வெங்காயம். தடை வரும்போது 'எல்லா வகை வெங்காயமும்' என்று ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். கர்நாடகத்தின் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கு 2020 அக்டோபரில் பத்தாயிரம் டன் விலக்கு கிடைத்தது, 2023 செப்டம்பர் கடைசியில் வரியிலிருந்தும் விலக்கு கிடைத்தது. அதை அந்த ஊரிலேயே அதிகம் சாப்பிடுவதில்லை, நம் பக்கம் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியாவுக்கு ஏற்றத்தான் விளைவிக்கிறார்கள் என்ற வாதம் எடுபட்டது. சின்ன வெங்காயத்துக்கு ஏற்றுமதிப் பட்டியலில் தனிக் குறியீடு கொடுங்கள், எங்களையும் பிரித்துப் பாருங்கள் என்று தமிழ்நாட்டு விவசாயிகளும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஐப்பசியில் மாமா பிடுங்கினார். திருகல் கொஞ்சம் விழுந்ததால் இரண்டு ஏக்கரில் ஆறு டன்தான் தேறியது. மண்டியில் கிலோ 70 ரூபாய்க்குக் கேட்டார்கள். நல்ல விலை. எனக்குக் கூப்பிட்டு, "மாப்ள, வித்துடவா, பட்டறை போடவா?" என்றார். எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன். வரி போட்டும் இங்கே வாங்குகிறார்கள், பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் சின்ன வெங்காயம் பறக்கும், டிசம்பர் நடுவில் திருச்சிக்காரர் நல்ல விலைக்கு எடுப்பார், பாதியை வைத்திருங்கள் மாமா என்று சொன்னேன். அவர் மூன்று டன்னை விற்றார். மூன்று டன்னைப் பட்டறையில் வைத்தார்.

பட்டறை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வயல் ஓரத்தில் மேடான இடமாகப் பார்த்து, கீழே கல் அடுக்கி, அதன்மேல் குச்சிகளைப் பரப்பி, இரண்டு பக்கமும் தட்டி வைத்துக் கட்டி, காற்று புகுந்து புறப்படுகிற மாதிரி ஒடுக்கமாக நீளமாக எழுப்புவார்கள். வெங்காயத்தை உள்ளே கொட்டி மேலே கீற்று வேய்வார்கள், இப்போது தார்ப்பாயும் போடுகிறார்கள். மின்சாரம் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். ஈரம் இல்லாமல் காய்ந்த வெங்காயம் இரண்டு மூன்று மாதம் தாங்கும். பட்டறைதான் ஒரு விவசாயி தன் சரக்குக்கு "இன்றைக்கு இல்லை, நாளைக்கு" என்று சொல்ல வைத்திருக்கிற ஒரே வசதி. ஆனால் மழைக் காலத்தில் ராத்திரி தூறல் கேட்டால் எழுந்து ஓடவேண்டும். ஒரு மூலையில் நனைந்தாலும் அழுகல் பக்கத்துக்குப் பக்கம் தொற்றும், வாடை வீடு வரைக்கும் வரும்.

டிசம்பர் 8 காலை செய்தி வந்தபோது நான் கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன். மாமாவைக் கூப்பிடுவதற்கு முன் என் முதலாளியிடம் போகவேண்டியிருந்தது, ஏனென்றால் பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரம், கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் வேறு வழி செய்துவிட்டோம். தாய்லாந்துச் சின்ன வெங்காயம் வந்தது, பெரிய வெங்காயத்துக்குச் சீனா, பாகிஸ்தான். ருசி கொஞ்சம் மாறியது, நிறம் மாறியது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். 2024 பொங்கலுக்குச் சிராங்கூன் சாலையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டியிருந்தார்கள், எல்லார் வீட்டுச் சாம்பாரிலும் வெங்காயம் இருந்தது. யாருக்கும் எதுவும் குறையவில்லை. வேலையை நன்றாகச் செய்தேன் என்று முதலாளி பாராட்டினார்.

மாமாவின் மூன்று டன்னில் மாசி மாதம் பட்டறையைப் பிரித்தபோது 2,200 கிலோ தேறியது. கிலோ 28 ரூபாய்க்குப் போனது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ என்ன மாப்ள பண்ணுவ, கவர்மெண்ட்டு போட்டுச்சு" என்றார். அக்காதான் இரண்டு வாரம் என் அழைப்பை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் என் வேலையையே வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் வருகிறது. ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தட்டவேண்டும் என்பது இங்கே ஒரு பழக்கமாகவே ஊறிவிட்டது. அதில் தப்பே இல்லை. இத்தனை லட்சம் பேர் ஒரு சின்னத் தீவில் இருக்கும்போது வேறு எப்படி இருக்கமுடியும்? 2023 ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அதற்கு முந்தைய வருடம் சிங்கப்பூர் வாங்கிய அரிசியில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்திய அரிசியாக இருந்தும், இங்கே அரிசி தீரவில்லை. இறக்குமதியாளர்கள் கட்டாயமாக இருப்பு வைத்திருக்கவேண்டும் என்று 1990-இலிருந்து ஏற்பாடு இருக்கிறது. தாய்லாந்தும் வியட்நாமும் இருக்கின்றன. ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு மட்டும் 50,000 டன் அனுமதியும் கிடைத்தது.

அதே மாதங்களில் என்னோடு வேலை பார்க்கிற மன்னார்குடிக்காரர் ஒருவர் தினமும் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஜூன் 12-இல் வழக்கப்படி அணை திறந்தது, அதை நம்பிக் குறுவை போட்டார்கள், காவிரியில் தண்ணீர் வரவில்லை, அக்டோபர் 10-இல் அணையை மூடினார்கள். நெல்லுக்காவது அரசு கொள்முதல் நிலையம் இருக்கிறது, சொன்ன விலை இருக்கிறது. அங்கேயும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள், தளர்த்தச் சொல்லி ஒவ்வொரு மழைக்கும் மனுப் போகும், பதில் வருகிறவரை நெல் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் முளைக்கும். அரிசி உண்கிற நமக்கு நாலு வழி. விளைவிக்கிறவருக்கு ஆறு ஒன்று, நிலையம் ஒன்று.

கோழியிலும் இதையே பார்த்தேன். 2022 ஜூன் 1-இல் மலேசியா மாதம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே சோற்றுக் கடைகளில் எல்லாம் பேச்சு கோழியைப் பற்றித்தான். நாம் வாங்குகிற கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து, அதுவும் உயிரோடு வந்தது. உறைய வைத்த பிரேசில் கோழி வந்தது, சமாளித்தோம். அங்கே பண்ணைக்காரர் நிலைமையை யாரும் அதிகம் பேசவில்லை. தீவன மக்காச்சோளமும் சோயாவும் உலகச் சந்தையில் ஏறிக்கொண்டே போகின்றன, உள்நாட்டில் கிலோ 8 ரிங்கிட் 90 சென் என்று உச்சவரம்பு, ஏற்றுமதிக் கதவும் பூட்டு. கோழியை நிறுத்தி வைக்கமுடியாது, ஐந்தாறு வாரத்தில் வளர்ந்துவிடும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் தின்று தீர்க்கும். பட்டறைகூட இல்லாத பிழைப்பு அது.

சரக்கு வயலிலிருந்து கடைக்கு வருகிறது, பயம் கடையிலிருந்து வயலுக்குப் போகிறது. நான் இப்படித்தான் இப்போது பார்க்கிறேன். அதைக் கடத்துகிறவர்களில் நானும் ஒருவன். தட்டுப்பாடு வரும் என்று ஒரு பேச்சு கிளம்பினால் வழக்கமாகப் பத்து மூட்டை எடுக்கிற கடைக்காரர் இருபது கேட்பார், பாதிதான் கிடைக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதால். எல்லாருடைய இருபதையும் கூட்டி, பத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து நான் திருச்சிக்கு அனுப்புவேன். அங்கே அதற்கு மேல் கொஞ்சம் சேரும். மண்டியில் விலை துள்ளும், அதைப் பார்த்து ஊரே நடும். இங்கே சாம்பார் வைக்கிற வீடுகளின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறியிருக்காது. வணிகப் பாடத்தில் இதற்குச் சாட்டை விளைவு என்று பேர். கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய அடி. நான் இணையத்தில் ஒரு பொத்தானை அமுக்கி ஆர்டரைப் பாதியாகக் குறைக்கமுடியும். நட்ட பயிரைப் பாதியாகக் குறைக்க மாமாவுக்குப் பொத்தான் கிடையாது.

கப்பல் தாமதமும் இப்படித்தான் இறங்குகிறது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிரச்சினையால் மற்றவை ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து கால அட்டவணை குலைந்து, 2024 மே, ஜூனில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கன்டெய்னர்க் கப்பல்கள் இரண்டு மூன்று நாள் காத்திருந்தன. ஏமனுக்குப் பக்கத்தில் நடப்பதற்கும் வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காத்திருக்கிற மூன்று நாளில் அழுகுகிற பங்கை அடுத்த தடவை நான் விலையில் முன்கூட்டியே குறைத்துக்கொள்வேன். ஏற்றுமதியாளர் மண்டியில் குறைத்துக்கொள்வார். மண்டிக்காரர் சிட்டையில் குறைப்பார். சிட்டைக்குப் பிறகு யாரிடம் குறைப்பது?

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2016-இலிருந்து பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். மாமா கட்டுகிறார். ஆனால் அது விளைச்சல் போனால் கொடுக்கிறது, அதுவும் நம் வயலைப் பார்த்து இல்லை, பிர்காவின், அதாவது பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதியின், சராசரியைப் பார்த்து. விளைச்சல் அமோகமாக வந்து விலை போனால் அதில் ஒரு பைசா கிடையாது. 2022-இல் அவரைச் சாய்த்தது மழையில்லை, விலை. 2023-இல் சாய்த்தது ஓர் அறிவிப்பு. இரண்டுக்கும் காப்பீடு கிடையாது.

இங்கே சிங்கப்பூரிலேயே விவசாயம் செய்பவர்களும் இதே கயிற்றில்தான் நடக்கிறார்கள். 2030-க்குள் நம் சத்துத் தேவையில் 30 சதவீதத்தை இங்கேயே விளைவிப்போம் என்று 2019-இல் சொன்னோம். நம்பிப் பண்ணை வைத்தவர்கள் மின்கட்டணம் ஏறியதையும், பக்கத்து நாட்டுக் கீரை பாதி விலைக்கு விற்றதையும் பார்த்தார்கள், சிலர் மூடிவிட்டார்கள். 2025 நவம்பரில் அந்த இலக்கு போய், 2035-க்கு வேறு இலக்கு வந்தது. இலக்கை மாற்றுவது நிர்வாகத்துக்கு ஒரு அறிக்கை. கடன் வாங்கிக் கீரை வளர்க்க அடுக்குத் தட்டு போட்டவருக்கு அது வேறு விஷயம்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டால், நாட்டுக் கொள்கையை நான் எழுதமுடியாது. தடை போடுகிறவர்கள் நடவுக்கு முன்னால் சொல்லட்டும், பிடுங்கியபிறகு சொல்லவேண்டாம். நான் கேட்பது அவ்வளவுதான். எழுபது நாள் அவகாசம் கொடுத்தாலே போதும், நிலத்தில் இருக்கிற பயிர் தப்பிக்கும். ஆனால் என் மேசையில் நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. எங்கள் ஆர்டர் எல்லாம் வாரக் கணக்கில் போகும், திங்கள்கிழமை விலை கேட்டு புதன்கிழமை உறுதி செய்வோம். வாரா வாரம் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் எங்களுக்கு. அந்தச் சுதந்திரத்துக்கு நாங்கள் ஒரு காசும் கொடுப்பதில்லை, கொடுக்கிறவர் வேறு ஒருவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எவ்வளவு விற்கும் என்று எனக்குப் பதினான்கு வருடக் கணக்கு தெரியும். பெரிய வித்தியாசம் வருவதே இல்லை. அப்படியென்றால் அதில் ஒரு பங்கையாவது நடவுக்கு முன்பே, இவ்வளவு டன், குறைந்தது இந்த விலை, தடை வந்தால் நஷ்டத்தில் இவ்வளவு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தால் என்ன?

முதலாளியிடம் இதைக் கேட்க எனக்கு வெகு நாள் தைரியம் வரவில்லை. கேட்டபோது அவர் கோபப்படவில்லை, கணக்குத்தான் கேட்டார். விலை விழுந்தால் பக்கத்துக் கடைக்காரர் நம்மைவிட மலிவாக விற்பாரே என்றார். உண்மைதான், விற்பார். பத்து வருட இருப்புக் கணக்கை எடுத்து வைத்து, விலை துள்ளிய வாரங்களில் நாம் அவசரத்துக்கு அதிகம் கொடுத்து வாங்கியதெல்லாம் எவ்வளவு என்று கூட்டிக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒன்றரை டன்னுக்குச் சம்மதித்தார், திருச்சிக்காரரும் அதில் கையெழுத்துப் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு. கேட்டது நாலு டன்.

இந்த வருடம் ஆடிப் பட்டத்துக்கு முன்னால் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்றரை டன், முதல் தரம், கிலோ 35 ரூபாய்க்குக் குறையாது, விலை மேலே போனால் மண்டி விலை. தடை வந்தால் பாதி நஷ்டம் எங்களுடையது.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மோட்டார் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது.

"வாய் வார்த்தையா மாப்ள, எழுதி வருமா?"

"எழுதி வரும் மாமா. திருச்சில போய் நீங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போறேன். அவளும் படிக்கட்டும்" என்றார். அப்புறம் அரை ஏக்கர் வெங்காயம், மீதியில் மக்காச்சோளம் என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் உடைத்துக்கொண்டது என்று போனை வைத்தார்.